கதை சொல்லும் ஒளிப்படத் தொடர்

1948இல் யூஜின் ஸ்மித் 'லைஃப்' இதழுக்காக அமெரிக்கச் சிற்றூர் மருத்துவர் ஒருவரை 23 நாள்கள் பின்தொடர்ந்து படமெடுத்தார். ஒளிப்படத் தொடருக்கு இன்றும் அதனையே முதற்பாடமாகக் காட்டுவர்.

சிவகாசியை அடுத்த தாயில்பட்டியில் பட்டாசுத் தொழிலாளரைப் படமெடுக்க முனைவோர்க்கு வாயிலிலேயே தடையுண்டு. சிறு பொறியும் உயிர் பறிக்கும் மருந்துக் கூடத்திற்குள் படக்கருவிக்கு இடமில்லை. ஆகவே கதையை வெளியில்தான் தேடவேண்டும். விடியலில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஊர்தி, மாலையில் அலுமினியத்தூள் படிந்து வெள்ளியென மின்னும் விரல்கள், அவற்றைக் கழுவும் நீர், வாசலில் காத்திருக்கும் குழந்தை. தொலைவுப் படத்தை அடுத்து அண்மைப் படம் வருமாறு இவற்றை அடுக்கலாம். வெடித்துச் சிதறிய கட்டடத்தை நாளிதழ்களில் பார்க்கிறோம். அன்று காலை அங்கு வேலைக்குச் சென்றவரின் முகத்தை அரிதாகவே காண்கிறோம். அம்முகத்தைப் படமெடுக்கும்முன் அவரது இசைவைக் கேட்டுப் பெறுக.