தொற்றுக் காலப் பயணமும் துப்புரவுப் பையும்

ஷாம் நாட்டில் வாழ்ந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம் கூஃபாவிலிருந்து அல்கமா (ரஹ்) அவர்கள் வந்திருந்தார்கள். பேச்சு அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களைப் பற்றித் திரும்பிற்று. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கல்விச் சிறப்பை உலகறியும். ஆயினும் அபுத்தர்தா (ரலி) அவர்கள் அன்று கூறிய அடையாளம் வேறு. நாயகம் (ஸல்) அவர்களின் காலணி, தலையணை, ஒளு நீர்ப் பாத்திரம் ஆகியவற்றைப் பொறுப்பாக வைத்திருந்தவர் என்றே குறிப்பிட்டார்கள். புகாரி ஷரீஃபில் பதிவான செய்தி இது. நாயகம் (ஸல்) அவர்கள் இயற்கைத் தேவைக்குச் செல்கையில் அனஸ் (ரலி) அவர்களும் இன்னொரு சிறுவரும் தண்ணீர்த் துருத்தியைச் சுமந்து பின்சென்றதும் அதே நூலில் வருகிறது. ஆக, வெளியே புறப்படுகிறவர் தூய்மைக்கு வேண்டியதைக் கையோடு கொண்டு செல்வது நேற்று முளைத்த நாகரிகமன்று.

அந்த வழக்கத்தின் அருமை நம்மவர்க்கு 2020ஆம் ஆண்டில்தான் நன்கு புரிந்தது. அவ்வாண்டு மார்ச் 11 அன்று கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோய் என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. பேருந்தும் ரயிலும் நின்றன. மருந்து வாங்கவும், அரிசி கொண்டுவரவும், முதியவரை மருத்துவரிடம் சேர்க்கவும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமே துணையாயின. வழியில் ஓட்டல் இல்லை. பள்ளிவாசல் கதவும் சாத்தியிருந்தது. பிறகு திறந்தபோதும் பல ஊர்களில் ஹவ்ளில் நீர் நிரப்பவில்லை, வீட்டிலேயே ஒளு செய்து வருமாறு ஜமாஅத்தார் கேட்டுக்கொண்டார்கள். வண்டியில் செல்பவர் தமக்கு வேண்டிய அனைத்தையும் தாமே சுமக்க வேண்டியதாயிற்று. 2023 மே 5 அன்று அந்த நெருக்கடி நிலை விலக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அண்டையிலுள்ள கேரளத்தில் 2018 முதல் நிப்பா காய்ச்சல் பலமுறை தலைகாட்டியிருக்கிறது. எனவே இப்பாடத்தைப் பரணில் போட்டுவிடுவதற்கில்லை.

அந்நாட்களில் இருவகைத் தவறான எண்ணங்கள் நம்மிடையே உலவின. ஐவேளை ஒளு செய்கிறோம், நமக்கு எந்தக் கிருமியும் வராது என்றார் ஒருவர். சானிடைசர் தடவியாயிற்று, கை சுத்தம்தானே, அப்படியே தொழுதால் என்ன என்றார் மற்றொருவர். இருவரும் இரு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டனர். மார்க்கம் கேட்கும் சுத்தம் ஒன்று. மருத்துவர் கேட்கும் சுகாதாரம் இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஒளுவில் கையை ஒருமுறை நனைத்துக் கழுவினால் பர்ளு நிறைவேறிவிடும். கிருமி போவதற்கு சோப்பு வேண்டும், 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். கொரோனாக் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதனைக் கரைத்து உடைக்கிறது. வெறும் நீர் அவ்வாறு உடைப்பதில்லை. மறுபுறம், சானிடைசரைக் குடங்குடமாக ஊற்றினாலும் ஒளு ஆகாது. ஒளுவுக்குத் தண்ணீரே வேண்டும்; அதுவும் உறுப்பின் மீது ஓட வேண்டும். மணமூட்டிய ஈரக் காகிதத்தால் முகத்தையும் கையையும் துடைத்துக்கொள்வதும் இவ்வாறே. ஷாஃபிஈ மத்ஹபில் இஸ்தின்ஜாவுக்குக்கூட அது போதாது. நீராலோ, உலர்ந்து உறிஞ்சும் பொருளாலோதான் சுத்தம் செய்ய வேண்டும். ஆகவே பையில் உலர்ந்த காகிதமும் இருக்கட்டும்.

எவ்வளவு தண்ணீர் எடுப்பது? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளு செய்ததாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். முத்து என்பது நம் கணக்கில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். ஹனஃபி அறிஞர்களின் கணக்கில் இன்னும் சிறிது அதிகம். குழாயைத் திறந்துவிட்டு ஒளு செய்து பழகிய நமக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். வீட்டில் ஒருநாள் லிட்டர் பாட்டிலை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை கழுவுவதே கடமை, மும்முறை சுன்னத்து என்பதை நினைவிற்கொண்டால் அரை லிட்டரே மிஞ்சக்கூடும். மூடியில் சிறு துளையிட்ட பாட்டில் நல்லது. நம் பாட்டனார் காலத்துக் கெண்டி போல மெல்லிய தாரையாக விழும். கையைப் பாத்திரத்துள் விட்டு அள்ளும் சங்கடமும் இல்லை. குடிநீர் தனிப் பாட்டிலில் இருக்க வேண்டும்.

தபூக் பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முகீரா (ரலி) அவர்கள் நீர் ஊற்றினார்கள். அன்று அணிந்திருந்த ஷாம் நாட்டு அங்கியின் கை மிகக் குறுகலாயிருந்தது. முழங்கை வரை சுருட்ட இயலாமல், அங்கியின் அடிப்புறமாகக் கரங்களை வெளியே எடுத்துக் கழுவினார்கள். இறுக்கமான மழைக்கோட்டும் ஜாக்கெட்டும் போட்டு வண்டி ஓட்டும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சட்டைக் கை ஏறவில்லை என்று முழங்கையை விட்டுவிட்டால் ஒளு கூடாது.

சானிடைசரைப் பற்றிப் பலரும் கேட்ட கேள்வி, அதிலுள்ள ஆல்கஹால் நஜீஸா என்பது. திராட்சை, பேரீச்சை ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படாத ஆல்கஹாலைப் புறத்தே பயன்படுத்தலாம் என்று ஹனஃபி அறிஞர் பலர் தீர்ப்பளித்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில் போதை தரும் திரவம் நஜீஸ் என்பதே பெயர்பெற்ற சொல். ஆயினும் மருத்துவத் தேவையை முன்னிட்டு இக்கால உலமாக்கள் பலர் சலுகை கூறியிருக்கின்றனர். மனம் ஒப்பாதவர் சண்டையிட வேண்டாம். பேப்பர் சோப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் பிரச்சினையே எழாது. சோப்பு சானிடைசரைவிட மேலானதும்கூட. சானிடைசர் வாங்குபவர் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாததைப் பார்த்து வாங்கட்டும். மெத்தனால் கலந்த போலிச் சரக்கு 2020இல் பல நாடுகளில் பிடிபட்டது, அது விஷம். சானிடைசர் தீப்பற்றும் பொருள் என்பதையும் மறக்கலாகாது. நம் ஊர் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் நாளெல்லாம் போட்டு வைப்பதும், பெட்ரோல் போடும் இடத்தில் நின்று தடவுவதும் ஆபத்து.

சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டால் கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையில் சானிடைசர் தடவிப் பயனில்லை. அழுக்கும் எண்ணெயும் படிந்த தோலில் அது சரியாக வேலை செய்யாது. கெட்டியாக ஒட்டிய கிரீஸின் மேல் ஒளு செய்தாலும் நீர் தோலைத் தொடாது. மருத்துவமும் மார்க்கமும் ஒருங்கே தடை சொல்லும் இடம் இது. பழைய துணி ஒன்றும், சிறு டப்பாவில் சிறிது தேங்காய் எண்ணெயும் வைத்திருந்தால் முதலில் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடலாம்.

முதல் சில மாதங்களில் ரூபாய் நோட்டையும் காய்கறியையும் வண்டிக் கைப்பிடியையும் கழுவிக் கழுவி ஓய்ந்தோம். பிற்பாடு தெரிந்தது வேறு. அந்நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றினாலே பரவிற்று. பொருள்களைத் தொட்டு வந்தது மிகச் சொற்பம். எனவே பையில் உள்ளவற்றுள் முகக்கவசத்துக்கே முதலிடம். தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மூடிக்கொள்வது நாயகம் (ஸல்) அவர்களின் பழக்கம் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பிறர்மேல் படக்கூடாது என்ற அந்தக் கருத்தே முகக்கவசத்துக்கும் அடிப்படை. திறந்த சாலையில் தனியே சைக்கிள் மிதித்து மூச்சு வாங்குபவருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. கடையில் நுழையும்போதும், பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றும்போதும் தேவை. வியர்வையில் நனைந்த கவசம் பயன் குன்றிவிடும். ஆகவே மாற்றுக்கு இரண்டாவது எடுத்துச் செல்க. கழற்றியதைக் கண்ணாடிக் கம்பியில் தொங்கவிடுவதும், நல்லதோடு சேர்த்துத் திணிப்பதும் பையையே கெடுத்துவிடும். புதியதற்கு ஒரு காகித உறை, பழையதற்கு வேறு உறை. ஹெல்மெட்டின் கண்ணாடி முகக்கவசமாகாது.

தொழுகையில் வாயை மூடுவது மக்ரூஹ் அல்லவா? ஆம், காரணமின்றி மூடினால். நோய்ப் பயம் தக்க காரணமே. ஸுஜூதில் நெற்றி திறந்திருக்க வேண்டும். தொப்பியோ ஹெல்மெட்டின் உள்துணியோ நெற்றியை மறைக்கலாகாது.

2020 ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிபாட்டிட நெறிமுறைகளில், பொது விரிப்பைத் தவிர்த்து அவரவர் விரிப்பைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்றிருந்தது. இதற்காகப் பெரிய முஸல்லாவைச் சுமக்க வேண்டியதில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் கும்ரா எனும் சிறு ஓலைப் பாயில் தொழுததை மைமூனா (ரலி) அம்மையார் அறிவிக்கிறார்கள். ஸுஜூதில் முகமும் கையும் படுமளவு சிறியது அது. ஒரு கைத்துணி போதும். தோளில் கிடக்கும் துண்டின் நுனியிலேயே ஸுஜூது செய்வது மட்டும் ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. உடலோடு சேர்ந்து அசைவதால் அது உடுப்பின் பகுதியாகிவிடுகிறது.

தண்ணீர் தீர்ந்துவிட்டால், அல்லது உள்ள நீர் குடிக்கவே தேவைப்பட்டால், தேடிப் பார்த்தபின் தயம்மும் செய்யலாம். பள்ளிவாசல் குழாயைத் தொடப் பயமாயிருக்கிறது என்பதற்காக மட்டும், பையில் நீரை வைத்துக்கொண்டு செய்ய முடியாது. ஷாஃபிஈகளுக்குப் புழுதியுள்ள சுத்தமான மண் வேண்டும்; ஹனஃபிகளுக்குக் கல்லும் மணலும் ஆகும். தயம்மும் தொழுகைக்கு வழி திறக்கிறது. கையிலுள்ள கிருமியை அகற்றுவதில்லை. தொழுது முடித்துப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

காய்ச்சலும் இருமலும் உள்ளவர் எந்தப் பையை மாட்டிக்கொண்டும் புறப்பட வேண்டாம். ஹிஜ்ரி 18இல் ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, ஸர்க் எனும் இடம் வரை வந்த உமர் (ரலி) அவர்கள், நோயுள்ள ஊருக்குள் செல்லாதீர், நோயுள்ள ஊரிலிருந்து ஓடாதீர் எனும் கருத்துள்ள நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைக்கக் கேட்டு மதீனா திரும்பினார்கள். நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகங்களிடம் ஓட்டிவர வேண்டாம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஒட்டகத்துக்கே இவ்வளவு கவனமென்றால், வீட்டில் கட்டிலோடு கிடக்கும் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இனி வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு. வண்டியிலிருந்து இறங்கியவர் பையைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு, முதலில் சோப்பால் கையைக் கழுவட்டும். பிறகே குழந்தையைத் தூக்கலாம். வெளியே போய் வந்ததற்காகக் குளிப்பு கடமையாவதில்லை; குளித்தால் வியர்வை போகும், அவ்வளவே. பயன்படுத்திய துணிக் கவசத்தை அன்றன்றே வெந்நீரிலும் சோப்பிலும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஒளுப் பாட்டிலில் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் நிரப்புங்கள். சானிடைசரைக் குளிர்பானப் பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள். சிறு பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். அது இருக்க வேண்டிய இடம் அடுப்புக்கு எட்டாத, பிள்ளைகளின் கைக்கும் எட்டாத மேல் அலமாரி.