மொட்டை மாடியில் ஒரு மின் நிலையம்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கும் மேலாக மழை கொட்டியது. எங்கள் வளவனூரிலும் மின்சாரம் நின்றது. மழை விட்டு வெயில் வந்ததும், பத்தாம் வகுப்புப் படிக்கும் அடுத்த தெருப் பையன் ஒருவன் என்னிடம் ஓடி வந்தான். அவன் வீட்டு மாடியில் சூரிய மின் பலகைகள் உண்டு.

"வெயில் நல்லா அடிக்குது சார், பலகையும் நல்லாத்தான் இருக்குது. கரண்ட் மட்டும் ஏன் சார் வரல?" என்று கேட்டான்.

மாணவ நண்பர்களே, நல்ல கேள்வி அல்லவா? இதற்கு விடை காண்போம். வீட்டில் சொந்தமாக மின்சாரம் தயாரிக்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

இரு வகை அமைப்புகள்

அந்த வீட்டுப் பலகைகள் மின்வாரியக் கம்பியுடன் இணைக்கப்பட்டவை. பகலில் மிஞ்சும் மின்சாரம் கம்பி வழியே வெளியே செல்லும். இரவில் கம்பியிலிருந்து வீட்டுக்கு வரும். கம்பியில் மின்சாரம் நின்றால் இந்த அமைப்பும் தானாகவே நின்றுவிட வேண்டும். இல்லாவிடில், மின்சாரம் இல்லை என்று நம்பி அறுந்த கம்பியைத் தொடும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து! ஆகவே அன்று அந்தப் பலகைகள் பழுதாகவில்லை, கடமையைத்தான் செய்தன.

புயல் நாளிலும் விளக்கு எரிய வேண்டுமானால், பேட்டரியுடன் கூடிய தனி அமைப்பு வேண்டும். சிறிய அளவில் அதை எப்படித் திட்டமிடுவது?

முதல் கருவி நோட்டுப் புத்தகம்

கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள். அவசர நாளில் எவை கட்டாயம் இயங்க வேண்டும்? 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, 5 மணி நேரம்: 50 வாட்-மணி. 25 வாட் டி.சி. மின்விசிறி ஒன்று, 8 மணி நேரம்: 200 வாட்-மணி. கைப்பேசிக்கு 10 வாட்-மணி. ஆக மொத்தம் 260 வாட்-மணி. அதாவது கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம்.

இதில் மின் அடுப்பைச் சேர்த்தால் என்ன ஆகும்? 1000 வாட் அடுப்பு கால் மணி நேரத்தில் 250 வாட்-மணியை விழுங்கிவிடும். எனவே சமையல் வெப்பத்துக்குப் பேட்டரியை நாடக் கூடாது. வெப்பத்தைச் சூரியனிடமிருந்து நேராகவே பெறலாம். நம் மாவட்டத்தின் ஓரத்திலுள்ள ஆரோவில்லில், சமையற்கூடத்தின் கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று சமையலுக்கான நீராவியைத் தயாரிப்பதற்கென்றே அமைக்கப்பட்டது.

சூரியன் தருவது எவ்வளவு?

தெளிந்த நண்பகலில் 1 சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஒளியாற்றல் விழுகிறது. இன்றைய பலகைகள் அதில் சுமார் 20 விழுக்காட்டை மின்சாரமாக மாற்றுகின்றன. நம் பகுதியில் 100 வாட் பலகை நல்ல வெயில் நாளில் சுமார் 400 வாட்-மணி தரும். நம் தேவை 260 தான். மிச்சம் மேகமூட்டத்துக்கான கையிருப்பு.

260 வாட்-மணியை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழித்தால் அதன் ஆயுள் குறையும், எனவே 44. வெயிலே இல்லாத இன்னொரு நாளுக்கும் சேர்த்தால் 88. கடையில் கிடைக்கும் 100 ஆம்பியர்-மணி பேட்டரி போதும்.

வளவனூர் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. பலகையைத் தெற்கு நோக்கி 12 டிகிரி சாய்த்து வையுங்கள். அடியில் காற்றோட்டம் இருக்கட்டும். சூடு ஏறினால் உற்பத்தி குறையும். தென்னை ஓலையின் நிழல்கூடப் படக் கூடாது. பலகையிலுள்ள மின்கலங்கள் வரிசையாக இணைந்தவை. வரிசையில் நின்று குடத்தைக் கைமாற்றுபவர்களில் ஒருவர் தூங்கிவிட்டால் வேலை என்ன ஆகும்? நிழல் விழுந்த மின்கலமும் அப்படித்தான்.

காற்று கைகொடுக்குமா?

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு! 2 மீட்டர் விட்டமுள்ள சிறு காற்றாலை, காற்றிலுள்ள ஆற்றலில் கால் பங்கைப் பிடிப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் அது சுமார் 100 வாட் தரும். 3 மீட்டர் வேகத்திலோ வெறும் 13 வாட்தான்.

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் மலை இடுக்கு வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் கூட்டமாக நிற்பதன் காரணம் இதுவே. வீடுகளும் மரங்களும் சூழ்ந்த நம் ஊர் மாடி அப்படிப்பட்ட இடமன்று. ஆகவே சூரியனிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

எச்சரிக்கை

12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு திருப்புளி இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாயும், தீப்பிடிக்கும். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். பலகைக்கும் பேட்டரிக்கும் இடையே சார்ஜ் கண்ட்ரோலர் கட்டாயம். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும்; காற்றோட்டமான இடம் தேவை. இந்த அமைப்பை வீட்டு மின்கம்பியுடன் ஒருபோதும் இணைக்காதீர்கள். பெரியவர் துணையின்றிக் கம்பியைத் தொடாதீர்கள்.

செய்து பாருங்கள்

ஒரு மாதம் நாட்குறிப்பு எழுதுங்கள். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் மாடியில் எங்கே நிழல் விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் குறியுங்கள். மரத்தையும் கவனியுங்கள். இலைகள் சலசலக்க மட்டும் செய்தால் காற்றின் வேகம் வினாடிக்கு சுமார் 2 முதல் 3 மீட்டர். புழுதியும் காகிதமும் பறந்தால் சுமார் 6 முதல் 8 மீட்டர். மாத முடிவில் புழுதி பறந்த வேளைகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் மாடிக்குப் பொருத்தமானது சூரியனா, காற்றா என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.

அந்தப் பையனும் இப்போது நோட்டும் சுண்ணக்கட்டியுமாக மாடி ஏறுகிறான். அடுத்த புயலில் அவன் வீட்டில் ஒரு விளக்காவது எரியும்.