இணையவழிப் பாட்டு வகுப்பு: புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூரில் இருக்கும் பாட்டு டீச்சருக்கு நியூ ஜெர்சியில் மாணவி இருப்பது இன்று செய்தியே இல்லை. 2003-இல் ஸ்கைப் வந்த பிறகு மெல்லத் தொடங்கிய பழக்கம், 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு பரவியது. அந்த ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. வகுப்புகள் மட்டும் ஜூமிலும் கூகுள் மீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் தொடர்கின்றன.

ஆனால் நேரில் நடத்துகிற வகுப்பை அப்படியே கேமரா முன்னால் நடத்தினால் இரண்டு பக்கமும் சீக்கிரம் சலித்துவிடும். திரையில் குருவும் சிஷ்யரும் சேர்ந்து பாட முடியாது. இதை முதலில் ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப வகுப்பை அமைத்தால் பாடமும் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.

படி 1: தாமதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே 13,000 கி.மீட்டருக்கு மேல் தூரம். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். ஆக, உங்கள் குரல் அங்கே போய்ச்சேரவே நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. குரலைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்கும் வேலையும் இருக்கிறது. போக வரக் கால் நொடி ஆவது சர்வசாதாரணம்.

பேச்சில் இது உறுத்தாது, பாட்டில் உறுத்தும். ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு ஒரு நொடி வைத்து ஸரளி வரிசை பாடினால், மூன்றாம் காலத்தில் ஒரு ஸ்வரத்தின் நீளமே கால் நொடிதான். உங்களோடு சரியாகச் சேர்ந்து பாடும் மாணவிகூட உங்கள் காதுக்கு ஒரு ஸ்வரம் பின்தங்கிக் கேட்பாள். தவறு அவளுடையது அல்ல. ஆகவே ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 2: ஒலியைச் சரிசெய்யுங்கள்

படம் சற்று மங்கினால் சமாளிக்கலாம், ஒலி கெட்டால் பாடம் இல்லை. மூன்று வேலைகளைச் செய்யுங்கள்:

• வயர் உள்ள இயர்போனைப் பயன்படுத்துங்கள். புளூடூத் இயர்போனின் மைக்கை இயக்கினால் பல கருவிகளில் ஒலித்தரம் பழைய டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடும், தாமதமும் கூடும்.

• செயலியின் இரைச்சல் நீக்கும் வசதியை நிறுத்துங்கள். அது மனிதப் பேச்சை மட்டும் காப்பாற்றும் வகையில் செய்யப்பட்டது. விடாமல் ஒலிக்கும் தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி வெட்டிவிடும், நீண்ட கார்வையையும் நடுவில் தின்றுவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. இரு பக்கமும் அதை இயக்க வேண்டும்.

• இலவச ஜூம் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். பாதிப் பல்லவியில் அறுபடாதபடி வகுப்பைத் திட்டமிடுங்கள்.

படி 3: தம்புரா மாணவர் பக்கம் இருக்கட்டும்

ஆளுக்கொரு சுருதிப்பெட்டி போட்டால், இரண்டும் இம்மியளவு விலகினாலும் காது குழம்பும். மாணவர் பக்கம் மட்டும் தம்புரா ஒலிக்கட்டும்; நீங்கள் அதை இயர்போனில் கேட்டுப் பாடுங்கள். தம்புராவுக்குத் தாளம் கிடையாது என்பதால் தாமதம் அதைப் பாதிக்காது. மாணவர் தன் வீட்டிலேயே சுருதி சேர்த்துப் பழகுகிறார் என்பது கூடுதல் லாபம்.

உங்கள் கட்டையை அவர் மேல் சுமத்தாதீர்கள். ஐந்தரைக் கட்டையில் பாடும் டீச்சரிடம் ஒரு கட்டையில் பாடும் ஆண் மாணவர் வந்தால், முதலில் அவர் குரலுக்குரிய சுருதியைக் கண்டுபிடிப்பதே பாடம்.

படி 4: கையும் கேமராவில் தெரியட்டும்

பலரும் முகத்தை மட்டும் காட்டி உட்காருவார்கள். மாணவர் சற்றுப் பக்கவாட்டில், தொடையில் தாளம் போடும் கை தெரியும்படி உட்கார வேண்டும். நீங்கள் தாளம் போட, அவர் பார்த்துப் பாடும் முறை திரையில் பலிக்காது. தாளத்தை அவரே போட வேண்டும். விரல் எண்ணிக்கை எங்கே தடுமாறுகிறது, மூச்சு வாங்கும்போது தோள் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

உங்கள் கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். பாராட்டும்போதும் திருத்தும்போதும் திரையைப் பார்க்காமல் கேமராவைப் பாருங்கள். மாணவருக்கு நீங்கள் தன்னைப் பார்த்துப் பேசுவதாகத் தெரிவது அப்போதுதான்.

படி 5: முதல் அழைப்பில் பாடம் எடுக்காதீர்கள்

முதல் அழைப்பு அறிமுகத்துக்கு. குழந்தையாக இருந்தால் அப்பாவோ அம்மாவோ உடன் இருக்கட்டும். வீட்டில் யார் பாட்டு கேட்பார்கள்? தமிழ் படிக்கத் தெரியுமா, அல்லது சாகித்தியத்தை ஆங்கில எழுத்தில் தர வேண்டுமா? எதற்காகக் கற்க வருகிறார்கள்? பாட்டி கேட்டு மகிழ ஒரு பாட்டு போதும் என்பவரும் உண்டு. கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்னம் பாட வேண்டும் என்பவரும் உண்டு. இருவருக்கும் ஒரே வேகம் பொருந்தாது.

கட்டணம், விடுபட்ட வகுப்புக்கு ஈடு, ஒலிப்பதிவு ஆகியவற்றையும் அன்றே பேசிவிடுங்கள். குழந்தையின் வகுப்பைப் பதிவு செய்யப் பெற்றோரின் சம்மதம் கட்டாயம்.

படி 6: வகுப்பை மூன்று பகுதியாக்குங்கள்

முதல் 5 நிமிடம் பேச்சு: பள்ளி, பனி, பரீட்சை எதுவானாலும் சரி. அடுத்த 10 நிமிடம் போன வாரப் பாடம். மாணவர் தனியாக, முழுதாகப் பாட வேண்டும். மீதி நேரம் புதுப் பாடம்: நீங்கள் ஒரு வரி, அவர் ஒரு வரி.

நேர்வகுப்பில் ஆசிரியரின் குரலுக்குள் ஒளிந்துகொண்டு பாடும் குழந்தைகள் உண்டு. திரையில் ஒளிய இடமில்லை. மாயாமாளவகௌளையின் ரிஷபம் எங்கே ஏறிவிடுகிறது என்பது முதல் தடவையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். இதுதான் திரை தரும் நன்மை.

தனியாகப் பாடுகிறவருக்குக் கூச்சமும் அதிகம். ஆகவே நடுவில் குறுக்கிடாதீர்கள். தாமதத்தால் இரு குரலும் மோதி, யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியாமல் போகும். 'நிறுத்து', 'இன்னொரு முறை', 'சுருதியைக் கேள்' ஆகிய மூன்றுக்கும் கைச்சைகை வைத்துக்கொள்ளுங்கள். ஆவர்த்தனம் முடிந்ததும் ஒரு பிழையை மட்டும் சொல்லுங்கள். ஐந்தைச் சொன்னால் ஒன்றும் நிற்காது.

படி 7: இடைப்பட்ட நாள்களில் தொடர்பு விடாதீர்கள்

புதுப் பாடத்தை நீங்கள் பாடிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாரத்தின் நடுவில் மாணவர் தன் சாதகத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பட்டும். பதிலுக்கு நீங்கள் எழுதாமல் பாடிக் காட்டுங்கள். நேர அட்டவணை தொல்லை தராத இந்த ஒரு நிமிடப் பரிமாற்றத்தில்தான் நெருக்கம் வளர்கிறது.

படி 8: கடிகாரத்தைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். நியூ ஜெர்சி நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும், குளிரில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். லண்டன் மாறுவது மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். சிங்கப்பூரில் மாற்றமே இல்லை. யார் ஊர் நேரப்படி வகுப்பு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

முதல் மாதம் ஒரே ஒரு மாணவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியமைப்பு, தம்புரா, சைகைகள் எல்லாம் கைவந்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம். ஒரே நேரத்தில் பத்துப் பேரைத் திரையில் அடுக்கினால் நீங்கள் பாடிக்கொண்டிருப்பீர்கள், அவர்கள் மியூட்டில் வாயசைத்துக்கொண்டிருப்பார்கள். இணையவழியில் நல்ல ஆசிரியர் என்பவர் அதிகம் பாடுகிறவர் அல்லர், அதிகம் கேட்கிறவர்.