வீட்டு நாய்க்கு மருந்து கொடுக்கும் முறை

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் கரும்பும் நிலக்கடலையும் பயிரிடும் குடியானவர் வீட்டில் நாய் ஒரு வேலையாளுக்குச் சமம். இரவில் காட்டுப் பன்றியை விரட்டுவதும், ஆட்டுப் பட்டியைக் காப்பதும், மோட்டார் அறைப் பக்கம் அந்நியர் நடமாடினால் குரல் கொடுப்பதும் அதன் பொறுப்பு. ஆயினும் பசுவுக்கு நோய் கண்டால் உடனே கால்நடை மருந்தகத்துக்கு ஓடுகிற நாம், நாய்க்கு நோய் கண்டால் வீட்டு அலமாரியில் என்ன மாத்திரை மீதி இருக்கிறதென்றுதான் தேடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் சாலை விஷயமாக என்னைக் காண வந்த விவசாயி ஒருவர், வந்த காரியம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. விசாரித்ததில், தம் நாய் இறந்துவிட்டதென்றார். அது நொண்டியதைக் கண்டு, தமது முழங்கால் வலிக்கு வாங்கிய மாத்திரையைக் காலையும் மாலையுமாக மூன்று நாள் கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் இரத்த வாந்தி. மலம் தாரைப் போல் கறுத்தது. பிறகு அது எழுந்திருக்கவேயில்லை. “நான் சாப்பிடுகிற மருந்துதானே ஐயா!” என்று அவர் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை.

பதில் இதுதான். நம் உடல் வெளியேற்றிவிடும் மருந்தை நாயின் உடல் அதே வேகத்தில் வெளியேற்றுவதில்லை. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் முதலிய வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரலைத் தாக்கும்; பூனைக்கோ ஒரு மாத்திரையே உயிரைப் போக்கக்கூடும். டைக்ளோபினாக்கை மாடுகளுக்குக் கொடுப்பது நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. அம்மருந்து செலுத்திய மாடு செத்தபின் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததே அதற்குக் காரணம். மாட்டுக்கு வலி தீர்த்த மருந்து கழுகுக்கு நஞ்சாயிற்று.

மனித மருந்தை விலக்கியவர்கள் மாட்டு மருந்தை எடுக்கிறார்கள். ஐவர்மெக்டின் ஊசி மருந்தை எடுத்துக்கொள்வோம். மாட்டுக்கான மருந்தில் ஒரு மில்லி, 50 கிலோ எடைக்கு உரியது. இரண்டு கிலோ குட்டிக்கு அந்த ஒரு மில்லியைச் செலுத்தினால் அதே கணக்கில் 25 மடங்கு ஏறிவிடுகிறது. கோலி போன்ற சில ஜாதி நாய்களுக்கோ மிகக் குறைந்த அளவே மூளையைப் பாதிக்கும். உண்ணி போக வேண்டுமென்று பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தை நாயின் மேல் ஊற்றுவோரும் உண்டு. நாய் உடம்பை நக்கும் பிராணி என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். உண்ணிக்கென்று டாக்டர் தரும் மருந்தைக்கூடச் சொன்ன அளவு நீரில் கலந்து, புண்ணில் படாமல் பூசி, உலரும் வரை நாய் நக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதலில் அறிய வேண்டியது நாயின் எடை. கண்ணால் மதித்தால் பெரும்பாலும் தவறிப் போகிறது. கடலை மூட்டை நிறுக்கும் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஏறி நிற்கட்டும். பிறகு அவர் மட்டும் நிற்கட்டும். வித்தியாசமே நாயின் எடை. குடற்புழு மாத்திரைகள் பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகின்றன. அட்டையில் உள்ள கணக்கைப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

மாத்திரையைக் கொடுக்க எளிய வழி உணவில் வைப்பது. தயிர்ச்சோறு, வேகவைத்த முட்டை, எலும்பில்லாத இறைச்சி இவற்றில் மூன்று சிறு உருண்டை செய்து, முதலில் வெறும் உருண்டை, அடுத்து மருந்துள்ளது, உடனே மூன்றாவது வெறும் உருண்டை என்று கொடுத்தால், அடுத்ததற்கு ஆசைப்பட்டு நாய் நடுவிலுள்ளதை மெல்லாமல் விழுங்கிவிடும். வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கே ஆகாதவை. கொடுத்தபின் சற்று நேரம் கூடவே நில்லுங்கள். திண்ணை ஓரத்தில் துப்பிவிட்டுச் செல்லும் சாமர்த்தியம் நாய்க்கு நிறையவே உண்டு.

திரவ மருந்தில்தான் அபாயம் அதிகம். மாட்டுக்குப் புகட்டுவது போலத் தலையை அண்ணாந்து பிடித்து மூங்கில் குழாயால் ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் காணும். ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, தலை மட்டமாக இருக்கையில், கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கியபின் அடுத்ததை விட வேண்டும். மயங்கிக் கிடக்கும் நாய்க்கு வாய் வழியாக எதையும் கொடுக்கலாகாது.

இனிச் சொல்லப்போவது நாயின் உயிரைவிட நம் உயிரைப் பற்றியது. நாய் விழுங்க முடியாமல் தவிக்கிறது, கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் வழிகிறது, குரல் மாறியிருக்கிறது. இதைக் காண்பவர் தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி வாய்க்குள் கைவிடுகிறார், அல்லது மருந்து புகட்ட முயல்கிறார். அது வெறிநோயாக இருக்கலாம். வெறிநோய் கொண்ட நாய் எப்போதும் கடிக்க ஓடிவரும் என்பது தவறு. ஒரு வகை நாய்கள் வாடித் தாடை தொங்கி மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். அத்தகைய நாயின் வாயைத் தொடாமல், கூடுமானால் ஓரிடத்தில் அடைத்து, கால்நடை டாக்டருக்குத் தகவல் தரவேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் உண்டு.

எச்சில் நம் கீறலிலோ கண்ணிலோ பட்டிருந்தாலும், பல் பதிந்திருந்தாலும், கீறலையும் காயத்தையும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, கண்ணைச் சுத்தமான நீரால் மட்டும் அலசி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலில் போடும் முறையில் ஊசி 0, 3, 7, 28 என்ற நாட்களில் வரும். பல் ஆழமாகப் பதிந்திருந்தாலும், எச்சில் கண்ணில் பட்டிருந்தாலும் இதனுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி நாள் கடத்தலாகாது; நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது.

நாய்க்கோ மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு டாக்டர் சொல்லும் தவணைகளும் போட்டால் போதும். அம்மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கடையில் வாங்கிச் சட்டைப் பையில் வெயிலில் எடுத்து வந்து தாமே போடுவதில் பயனில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆகஸ்டு 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இதை ஒரு பொருளாக வைக்கலாம். பள்ளிப்பட்டு 1960 ஏப்ரல் முதல் நாள் வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த பகுதி. தெலுங்கு பேசும் வீடுகள் இன்றும் பல. தடுப்பூசி முகாம் அறிவிப்பை இரு மொழிகளிலும் தண்டோரா போடுவது நலம். முகாம் நாளில் மூட்டைத் தராசு ஒன்றையும் அங்கே வைத்து, ஒவ்வொரு நாயின் எடையையும் அட்டையில் எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை புழு மாத்திரை வாங்குகிறவர் கண்மதிப்பாகக் கேட்க வேண்டியிராது.