மூப்பும் மருந்தும்

மக்களாய்ப் பிறந்தோர்க்குரிய பருவங்களுள் மூப்பும் ஒன்று. தலை நரைத்தலும், கண்ணொளி மங்குதலும், நடை தளர்தலும் அதன் இயல்புகளாம். நாள்தோறும் மாத்திரை உண்ணுதலும் அவ்வியல்புகளுள் ஒன்றே என இந்நாளில் பலர் எண்ணத் தலைப்பட்டுள்ளனர். “வயது அறுபது ஆகிவிட்டது, இனி மருந்துதானே உணவு!” என்று முதியோர் கூறக் கேட்கின்றோம். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை அடையுமுன், தண்டலம் என்னும் ஊர் உள்ளது. ஏரி நீரால் நெல் விளைந்த பகுதி அது. இன்று அவ்வட்டாரத்தில், ஒரகடம் வரையிலும், மோட்டார் வண்டிகளும் மின்னணுக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. தண்டலத்தில் மருத்துவக் கல்லூரியும் பெரிய மருத்துவமனையும் இருக்கின்றன. ஏர் பிடித்தும் நாற்று நட்டும் உழைத்த தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். இளையோரோ இரவும் பகலும் முறை மாற்றித் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். வண்டியில் சென்று வண்டியில் மீள்கின்றனர். உண்ணும் பொழுதும் உறங்கும் பொழுதும் மாறிவிட்டன. இவர்கள் முதியோராகும்போது இவர்தம் உடல்நிலை எவ்வாறிருக்கும்? நம் வினா இத்தகைய ஊர்களுக்குப் பெரிதும் வேண்டப்படுவதாகும்.

முதியோர் உண்ணும் மாத்திரைகளுள் பெரும்பாலன இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரியவை. ஆண்டுகள் செல்லச் செல்ல இரத்தக் குழாய்கள் நெகிழ்ச்சி குன்றி இறுகுகின்றன. அதனால் இரத்த அழுத்தம் உயர்கின்றது. ஆயினும் இவ்வுயர்வு எல்லா மக்களிடத்தும் காணப்படுவதில்லை. தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் யானோமாமி என்னும் பழங்குடியினரை ஆய்வாளர் ஆராய்ந்து, 1988ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அம்மக்களிடையே வயது ஏறினும் இரத்த அழுத்தம் ஏறவில்லை. அவர்கள் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. நாள் முழுதும் உடலால் உழைப்பர். உடல் பருத்தவர் அவருள் அரியர். ஆகவே, வயது மட்டுமே அழுத்தத்தை உயர்த்துவதில்லை என்பதும், வாழும் முறைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பதும் விளங்கும்.

நீரிழிவைப் பற்றிய சான்று நம் சென்னையிலேயே கிடைத்துள்ளது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளிவந்தன. நீரிழிவு இன்னும் வாராது, ஆனால் வரக்கூடிய நிலையிலிருந்த 531 பேரை அவர்கள் நான்கு பிரிவாக வகுத்தனர். முதற்பிரிவினர்க்குச் சிறப்பான அறிவுரை ஏதுமில்லை. இரண்டாம் பிரிவினர் நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவும், சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து உண்ணவும் அறிவுறுத்தப்பட்டனர். மூன்றாம் பிரிவினர்க்கு மெட்பார்மின் என்னும் மருந்தும், நான்காம் பிரிவினர்க்கு மருந்து, அறிவுரை ஆகிய இரண்டும் கொடுக்கப்பட்டன. மூன்றாண்டுகளில் முதற்பிரிவினருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். ஏனைய மூன்று பிரிவுகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரே நோயுற்றனர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மருந்துக்கு இணையான பயனைத் தந்தன என்பது இதனால் பெறப்படும். எனினும் அவற்றைக் கைக்கொண்டவருள்ளும் பலர் நோயுற்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. நல்லொழுக்கம் நோயை முழுதும் விலக்கிவிடும் என்பது மிகைக் கூற்றாகும்.

நோய் வந்தபின் மருந்தை வெறுத்தல் பேதைமை. 80 வயதைக் கடந்த இரத்தக் கொதிப்பு நோயாளர் 3,845 பேரைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து உண்டவரிடையே இறப்புக் குறைந்தது என்று அது காட்டிற்று. உடல்நிலை நன்றாயிருக்கின்றது என்றெண்ணி மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோர் உளர். அந்நலம் மாத்திரையால் வந்தது என்பதை அவர்கள் உணர்வதில்லை. வாத நோயால் கைகால் வீழ்ந்தபின் வருந்திப் பயன் யாது?

இதனையறிந்தே தமிழக அரசு, 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. இத்திட்டத்தின்கீழ்த் தன்னார்வலர் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் கண்டறிந்து, வேண்டும் மாத்திரைகளை வழங்குகின்றனர். மருத்துவமனைக்கு நடக்கவியலாத முதியோர்க்கு இஃது ஓர் ஊன்றுகோலாகும்.

மருந்து மிகினும் தீங்குண்டு. முதுமையில் சிறுநீரகத்தின் ஆற்றல் குறைவதால், உண்ட மருந்து உடலில் நெடுநேரம் தங்கும். இளைஞர்க்கு ஏற்ற அளவு முதியவர்க்கு மயக்கத்தை உண்டாக்கலாம். மயங்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். மேலும், இரத்தக் கொதிப்பு மருந்துகளுள் சில கணுக்காலை வீங்கச் செய்யும். அவ்வீக்கத்தைப் புதுநோயெனக் கருதி, நீரை வெளியேற்றும் மற்றொரு மருந்தைச் சேர்ப்பதும் உண்டு. இவ்வாறே ஒன்று பலவாகிப் பெருகும். ஆதலின் முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்துள்ளது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே முதியோர்க்கெனத் தனிப்பிரிவு தோன்றியது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வேண்டும் மருந்தைத் தருவதோடு, வேண்டா மருந்தை நீக்குவதும் இத்துறை மருத்துவர்தம் கடமையாகும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆம் அதிகாரம். அதில் எம்மருந்தின் பெயரும் கூறப்படவில்லை. பத்துக் குறள்களுள் பெரும்பாலன உண்ணும் முறையை உரைப்பவை. இறுதி மூன்றே மருத்துவம் செய்யும் முறையை உரைப்பவை. ஒழுகும் முறை முன்னும் மருத்துவம் பின்னுமாக வள்ளுவர் வைத்த வரிசை நாம் இதுவரை கண்ட உண்மைகளோடு ஒத்திருத்தல் காண்க.

ஆகவே, மருந்து நோய்க்கு உரியதேயன்றி வயதுக்கு உரியதன்று. முதியோருள் மருந்து வேண்டாதாரும் உளர். வேண்டுவோர் அதனை உண்ண நாணவேண்டுவதில்லை. மாணவர்களே! உங்கள் இல்லத்துப் பாட்டனாரும் பாட்டியாரும் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போதெல்லாம் அத்தாளைக் காட்டி, எவை இன்னும் வேண்டும், எவை வேண்டா என்று கேட்டறியத் துணைசெய்யுங்கள். மாலையில் அவரோடு சிறிது தூரம் நடந்து வாருங்கள். அந்நடை அவர்க்கு இன்றும் உங்கட்குப் பின்னாளிலும் பயன் தருவதாகும்.