காவலூர் இரவுக்குத் தயாராகிறீர்களா?

ஆய்வு மாணவராகச் சேர்ந்தால் இரண்டு விதமான மேடைகள் உங்களைத் தேடி வரும். ஒன்று, துறைக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து கேட்கும் கருத்தரங்கு. இன்னொன்று, பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் வரும் பொதுமக்கள் நாள். முதலாவதற்கு இரவெல்லாம் கண்விழித்துத் தயாராகிறவர்கள் பலர், இரண்டாவதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இரண்டாவதுதான் கடினம். அங்கே உங்கள் துறைச் சொல் எதுவும் துணைக்கு வராது.

ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கத்தில் இருக்கும் காவலூரை எடுத்துக்கொள்வோம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. அதன் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம் கொண்டது, 1986இல் திறந்தார்கள். பொதுமக்களுக்குச் சனிக்கிழமைகளில் அனுமதி உண்டு. வானம் தெளிந்திருந்தால் சிறிய தொலைநோக்கியில் வானத்தையும் காட்டுவார்கள்.

மலையேறி வருகிறவர்கள் அந்தப் பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கப்போகிறோம் என்ற ஆசையோடு வருவார்கள். அதன் முனையில் இருப்பவை கேமராவும், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானியும்தான் என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் தெரிந்தால் ஏமாற்றம், முதலில் தெரிந்தால் "ஏன் அப்படி?" என்ற கேள்வி பிறக்கும். அந்தக் கேள்விதான் உங்களுக்கு வேண்டும்.

அடுத்து, எடை, விட்டம் என்று அடுக்காதீர்கள். காவலூரில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியிலும் அதைக் கவனித்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அன்றைய அவதானிப்புகளால்தான். ஒரு டார்ச், ஒரு பந்து, பந்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம்: இவை இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதைச் செய்து காட்டிவிடலாம்.

இப்போதெல்லாம் குவாண்டம் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். 2023இல் மத்திய அரசு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025ஐ ஐக்கிய நாடுகள் சபை குவாண்டம் ஆண்டாக அறிவித்தது. பிள்ளைகள் செய்தியில் கேட்டுவிட்டு வருகிறார்கள். அது எங்கள் துறை இல்லை என்று நழுவாதீர்கள். அணுவுக்குள் எலக்ட்ரான் குறிப்பிட்ட ஆற்றல் படிகளில் மட்டுமே நிற்கும். ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது குறிப்பிட்ட நிறத்தில் மட்டுமே ஒளியை விடும் அல்லது விழுங்கும். விண்மீன் எதனால் ஆனது என்று நிறமாலைமானி சொல்வது இந்த விதியை நம்பித்தான். பழைய சிடி ஒன்றை வைத்து எல்இடி விளக்கையும் மஞ்சள் சோடியம் விளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கூடவே, 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியின் நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்குக் காரணமான தனிமத்துக்குத்தான் பிறகு ஹீலியம் என்று பெயர் வந்தது. மசூலிப்பட்டினத்தில் பார்த்தவர் சென்னை வானாய்வகத்தின் போக்சன்.

நிர்வாக விஷயங்கள் கொஞ்சம். 60 பேர் வந்து, தொலைநோக்கியில் ஆளுக்கு ஒரு நிமிடம் பார்த்தாலே ஒரு மணி நேரம். வரிசையில் நிற்பவர்களோடு பேச ஒருவர் தனியாக வேண்டும். சிறுவர்கள் ஏறி நிற்க உறுதியான முக்காலி வேண்டும். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது ஆகும்; அதனால் செல்போன் வெளிச்சம் கூடாது, டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். மேகம் சூழ்ந்தால் என்ன செய்வது என்பதை அன்று மாலை யோசிக்கக் கூடாது. சிடி சோதனையும் வளைய விளையாட்டும் மேகத்துக்கு அஞ்சாதவை.

அழைப்பு யாருக்கு முதலில் போக வேண்டும்? எனக்கு இதில் சந்தேகமே இல்லை: மலையில் வாழும் மக்களுக்கு. ஜவ்வாது மலை, மலையாளி பழங்குடியினரின் ஊர். அங்கே வானம் இருட்டாக இருப்பதால்தான் ஆய்வகம் இயங்க முடிகிறது. தெருவிளக்கின் வெளிச்சம் மேலே சிதறாமல் மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்புங்கள் என்று ஊராரிடம் கேட்பதற்கு முன், அந்த இருட்டில் என்ன தெரிகிறது என்று அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டாமா? பெரியவர்களைப் பேச விடுங்கள். விதைப்புக்கும் அறுவடைக்கும் வானத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழிலேயே விளக்கப் பழகுங்கள். சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்த நிகழ்வுக்காக ஆங்கிலத்தில் மட்டும் எழுதி நிறுத்தவில்லை. இந்திய மொழிகளிலும் விளக்கப் புத்தகம் வரச் செய்தார். ஒளி கூடிக் குறையும் மாறொளிர் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த ஆய்வாளர் அவர். ஆனாலும் மக்களுக்கு விளக்கும் வேலையைத் தனக்குக் குறைவாக அவர் நினைக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள், வந்தவர்கள் எண்ணிக்கையோடு அவர்கள் கேட்ட கேள்விகளையும் எழுதி வையுங்கள். வேலைக்கான நேர்காணலில், "பொதுமக்கள் நிகழ்ச்சியில் பங்கேற்றேன்" என்ற வரி எடுபடாது. "இந்தக் கேள்விக்கு என் விளக்கம் புரியவில்லை, அடுத்த முறை இப்படி மாற்றினேன்" என்று சொல்ல முடிந்தால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.