வயிற்றில் பிள்ளையோடு யோகா ஆசிரியர் பயிற்சி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

யோகா ஆசிரியர் பயிற்சிக்கும் தாமிரபரணிக் கரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமிதான், மலேயாவில் மருத்துவராக இருந்துவிட்டு, பிறகு ரிஷிகேஷம் போய் சுவாமி சிவானந்தர் ஆனார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1969-இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. நெல்லை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண்களுக்கும் இந்தப் படிப்பில் ஆசை இருக்கிறது. சேர்ந்த கையோடு பிள்ளை உண்டாகிவிட்டால், விடுவதா தொடர்வதா என்ற தவிப்பு வரும். உடம்பில் சிக்கல் இல்லாதவர்கள் தொடரலாம் என்றே சொல்வேன். ஆனால் உடம்பால் படிப்பதைக் குறைத்து, கண்ணாலும் காதாலும் வாயாலும் படிப்பதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

• பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். "யோகா செய்யலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டால், "தாராளமா செய்யுங்க" என்று பதில் வரும். அவர் மனதில் இருப்பது அரை மணி நேர எளிய பயிற்சி; உங்கள் கையில் இருப்பதோ 200 மணி நேரப் படிப்பு. நாளைக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன ஆசனம், எந்தெந்த மூச்சுப் பயிற்சி என்று காட்டிக் கேளுங்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ, பிரஷர் ஏறியிருந்தாலோ, ரத்தம் மிகவும் குறைந்திருந்தாலோ, முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தாலோ, அவர் சரி என்று சொல்லும்வரை பாயை விரிக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை உண்டு. அன்றைக்கு வகுப்பு இருந்தாலும் பரிசோதனைக்கே போங்கள்.

• பயிற்சியாளரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று வீட்டில் அத்தையோ ஆச்சியோ சொல்வார்கள். அந்த வழக்கத்தை மதிக்கலாம், ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் முதுகில் கை வைத்துத் திருத்தப்போகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நடுவில் நிறுத்தினால் அடுத்த அணியோடு சேர்ந்துகொள்ளலாமா, கட்டிய பணம் என்னாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும் நாளையும் கணக்கில் வையுங்கள்.

• ஆசனங்களைப் பிரித்து எழுதுங்கள். சிவானந்தர் மரபில் அடிப்படை ஆசனங்கள் பன்னிரண்டு. சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றும் உடம்பைத் தலைகீழாக்குபவை. புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம் மூன்றும் வயிற்றின் மேல் படுத்துச் செய்பவை. மத்ஸ்யாசனம் மல்லாந்து வளைவது, காகாசனம் கைகளில் உடம்பைத் தாங்குவது. இந்த எட்டையும் பிரசவத்துக்குப் பின் என்று ஒதுக்கிவிடலாம். மிச்சம் நான்கு. பச்சிமோத்தாசனத்தைக் கால்களை அகட்டி, வயிறு இடிக்காத அளவுக்கு மட்டும் குனிந்து செய்யலாம். பாதஹஸ்தாசனத்தில் தரையைத் தொடாமல் நாற்காலியில் கை ஊன்றினால் போதும். திரிகோணாசனத்துக்குச் சுவர் துணை. அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் வயிற்றை நெருக்கும் பக்கம் முறுக்காமல், தோளை மட்டும் திறந்த பக்கம் திருப்புங்கள். இவற்றோடு பூனை போல முதுகை ஏற்றி இறக்கும் மார்ஜாரி ஆசனம், பத்தகோணாசனம், மூச்சை அடக்காத நாடிசுத்தி, பிராமரி எல்லாம் சேர்த்தால் தினசரிப் பயிற்சிக்குப் போதும்.

• வாயால் சொல்லித்தரப் பழகுங்கள். செய்துகாட்ட முடியாத இந்த மாதங்களில் நன்றாக வளரும் திறமை இதுதான். உடன் படிக்கும் ஒருவர் திரிகோணாசனத்தில் நிற்கும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். பின்கால் குதிகால் மெல்ல எழும்பும், முன்முட்டி உள்பக்கம் சாயும், கை தரையை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் மேல்தோள் முன்னால் சரியும். "குதிகாலைத் தரையில அழுத்துங்க. கை முட்டிக்கு மேல இருந்தாலே போதும். இப்ப மேல்தோளைப் பின்னால கொண்டு போங்க." இப்படி ஒவ்வொரு ஆசனத்துக்கும் உங்கள் சொல்லில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தான் செய்தே காட்டிப் பழகிய பல ஆசிரியர்களுக்கு இந்தச் சொல் அமைவதில்லை.

• சவாசனத்தை இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துச் செய்யுங்கள். தலைக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வெகுநேரம் மல்லாந்து கிடந்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும். தலைசுற்றும், பிள்ளைக்குப் போகும் ரத்தமும் குறையலாம்.

• சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் யோகா என்ற விதி உங்களுக்கு இப்போது இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் உளுந்தங்கஞ்சி குடிக்கலாம். சர்க்கரை ஏறியிருந்தால் அதில் கருப்பட்டி சேர்க்க வேண்டாம். தங்கிப் படிக்கும் இடங்கள் சிலவற்றில் நாளைக்கு இரண்டே வேளைதான் சாப்பாடு. அங்கே சேர்வதாக இருந்தால் நடுவேளைக்கு என்ன வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

• அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து நெல்லைக்கு வகுப்புக்கு வருகிறவர்கள், நேரம் ஒத்துவந்தால் பஸ்ஸை விட்டு செங்கோட்டை ரயிலில் வாருங்கள். குலுக்கல் குறைவு, எழுந்து நடக்கலாம்.

செய்யக்கூடாதவை

• கபாலபாதி, பஸ்திரிகா, கும்பகம், உட்டியாணம், நௌலி, சங்கப்பிரக்ஷாளனம் வேண்டவே வேண்டாம். "மெதுவா ரெண்டு ரவுண்டு" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வயிற்றை உதறுவதும் மூச்சை அடக்குவதும் கர்ப்பத்துக்கு ஆகாதவை. பாடத்தில் இருக்கிறதே என்றால், படித்து எழுதுங்கள், மற்றவர் செய்வதைப் பாருங்கள். செய்முறைத் தேர்வைத் தள்ளிக் கேளுங்கள்.

• உடம்பு நன்றாக வளைகிறதே என்று மயங்காதீர்கள். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ரிலாக்சின் மூட்டு இணைப்புகளைத் தளர்த்துகிறது. முன்பு எட்டாத இடம் இப்போது எட்டும். இழுபட்ட இடுப்பு பிரசவத்துக்குப் பிறகும் வலிக்கும். எட்டுகிற தூரத்தில் முக்கால்வாசியில் நில்லுங்கள். பின்னால் நின்று முதுகை அமுக்கவோ காலை அகட்டவோ யாரையும் விடாதீர்கள்.

• பத்தமடைப் பாயின் மேல் நின்று ஆசனம் செய்யாதீர்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த அருமையான பாய் அது. உட்காரவும் படுக்கவும் அதற்கு ஈடில்லை. ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கும், வயிறு பெருத்த பிறகு தடுமாறினால் சமாளிப்பது கடினம். நிற்கும் ஆசனங்களுக்கு ரப்பர் பாயோ வெறுந்தரையோதான்.

• விடிகாலைப் பயிற்சிக்கு முன் ஆற்றில் குளிக்கலாம் என்று படித்துறையில் இறங்காதீர்கள். பாசி படிந்த படி யாரையும் பார்க்காது. கத்திரி வெயில் நாட்களில், காற்றோட்டம் இல்லாத மாடிக் கூடத்தில் மதிய வகுப்பும் வேண்டாம்.

• "கையைத் தூக்காத, கொடி சுத்திக்கிடும்" என்ற பேச்சுக்குப் பயப்படாதீர்கள். தொப்புள்கொடி சுற்றுவது பிள்ளை உள்ளே புரள்வதால். நீங்கள் தாடாசனத்தில் கை தூக்குவதால் இல்லை. சொல்கிறவரிடம் சண்டை போடவும் வேண்டாம். பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய், டாக்டர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.

• நீங்கள் கர்ப்பிணி என்பதாலேயே மற்றக் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுக்காதீர்கள். உங்கள் உடம்பு உங்களுக்குத் தெரியும். அடுத்தவருக்கு இருக்கும் பிரஷரும் சர்க்கரையும் தெரியாது. கர்ப்பகால யோகா ஆசிரியர்களுக்கென்றே அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் 85 மணி நேரத் தனிப் பயிற்சியை வரையறுத்திருக்கிறது.

• ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், தலைவலியோடு கண் மங்கல், நெஞ்சு வலி, ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தல், பிள்ளையின் அசைவு குறைதல்: இவற்றில் எது வந்தாலும் வகுப்பு முடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே மருத்துவமனை. வண்டி இல்லையென்றால் 108.

• பிரசவமானதும் விட்டதைப் பிடிக்கத் துடிக்காதீர்கள். முதல் ஆறு வாரம் ஓய்வும் மருத்துவர் சொல்லும் இடுப்புத்தளப் பயிற்சியும்தான். வயிறு கிழித்து எடுத்த பிள்ளையென்றால் இன்னும் பொறுக்க வேண்டும். வயிற்றுத் தசை நடுவில் பிரிந்திருக்கிறதா என்று மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ பார்த்துச் சொன்ன பிறகு, ஒதுக்கி வைத்த அந்த எட்டு ஆசனங்களை ஒவ்வொன்றாக எடுங்கள், சிரசாசனம் கடைசியில். செய்முறைத் தேர்வுக்குத் தேதி கேட்பது அதற்குப் பிறகு.